மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தது: ரத்தசோகை ஆய்வில் சேர்ந்த ஒரு பெண்ணின் நிகழ்வு

மதுரையில் ஒரு மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். ஆய்வில் சேர வரும் பெண்களுக்கு விளக்கம் சொல்வது, ஒப்புதல் வாங்குவது, சொன்ன தேதியில் அவர்களை வரவைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஆய்வில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த தவறுகளில் பெரும்பகுதி என்னுடையது.

ஆய்வின் பின்னணி

மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போய், உடம்பில் இரும்புச்சத்து வற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பெண்களை எங்கள் ஓ.பி.யில் தினமும் பார்க்கிறோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே அதை ஒரு நோயாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "பொம்பளைக்கு அசதி இருக்கத்தானே செய்யும்" என்று பெண்களே சொல்கிறார்கள்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடையில் இருக்கும் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரும்புச்சத்து மாத்திரை, இன்னொரு குழுவுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து என்று கொடுத்து 12 வாரம் பின்தொடர்வது எங்கள் ஆய்வு. 7-க்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை, அவர்களில் பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை இரண்டு குழுவுக்கும் உண்டு. நரம்பு வழியாக ஏற்றினால் ஹீமோகுளோபின் வேகமாக ஏறும் என்பது முன்பே தெரிந்த விஷயம். மூன்று மாதம் கழித்து அசதி, வேலை செய்யும் தெம்பு, செலவு, அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நம் பெண்களுக்கு எது மேல் என்பதுதான் எங்கள் கேள்வி. மருந்துக் கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் பதிந்தோம்.

இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஆய்வு புதிதல்ல. பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-க்கும் 2003-க்கும் இடையில், கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் எளிய முறையை நர்ஸ்களை வைத்துச் சோதித்தார்கள். 49,311 பெண்கள் பரிசோதனைக் குழுவில், 30,958 பெண்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த குழுவில். பரிசோதனைக் குழுவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் முடிவு வெளிவந்தது. இவ்வளவு எளிய சோதனையாலும் உயிரைக் காக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரப் பெண்கள். பரிசோதனை கிடைக்காத குழுவுக்குச் செய்தது சரியா என்ற கேள்வியும் பின்னால் எழுந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

வந்தவர்

உசிலம்பட்டி சாலையில், செக்கானூரணி தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமம். வயது 38. இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்துவிட்டது. கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். இவர் விடிவதற்கு முன்பே மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர். பகலில் வீட்டில் சரம் கட்டுவார்.

மாமியார் கூட்டிவந்தார். மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது, தோட்டத்தில் இரண்டு முறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வேறொரு இடத்தில் காட்டியபோது கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். மாமியாருக்கு 32 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். "எனக்கு வெட்டி எடுத்தது போதும், இவளுக்கு வேணாம்" என்பதுதான் அந்த அம்மா முதலில் சொன்னது. பின்னால் வருவதைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹீமோகுளோபின் 7.9. உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. தைராய்டு சரி. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சின்ன நார்க்கட்டி, உடனே எடுக்க வேண்டிய அளவில் இல்லை. பச்சரிசி திங்கிற பழக்கம் உண்டா என்று கேட்டேன். மாமியாரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது வழக்கம். வீட்டில் அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டியிருந்தார்கள்.

ஒப்புதல் வாங்கிய நாள்

தகவல் தாள் 7 பக்கம். முழுதும் தமிழில்தான், ஆனால் மொழிபெயர்ப்புத் தமிழ். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகச் சொன்னேன். 25 நிமிடம் ஆனது. மாமியாரும் கூடவே இருந்தார், பாதிக் கேள்விகள் அவர் கேட்டவை.

"இந்த மருத்துவப் பரிசோதனையில் கலந்துக்கச் சம்மதமா?" என்று கேட்டேன். தாளிலும் அந்தச் சொல்தான் இருந்தது. "சரி" என்றார்.

எந்தக் குழு என்பதை டாக்டரோ நானோ தேர்ந்தெடுக்க மாட்டோம், ஒட்டிய கவரைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று விளக்கியபோது அவர் முகத்தில் குழப்பம். அப்புறம் அவரே, "கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரியா?" என்று கேட்டார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்லிப் பார்ப்பது. எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. எத்தனையோ பேருக்குப் புரியவைக்க முடியாமல் திணறிய விஷயத்தை இவர் ஒரே வரியில் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "ஆமாக்கா, அதே மாதிரிதான்" என்றேன்.

அஞ்சாவது வரை படித்தவர். கையெழுத்துப் போட்டார். வாசிக்கத் தெரியாதவர் என்றால், எங்களோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி விளக்கம் முழுவதும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இவர் கையெழுத்துப் போட்டதால் சாட்சியை நான் அழைக்கவில்லை. பேரை எழுதத் தெரிவதும் 7 பக்கத்தை வாசித்துப் புரிந்துகொள்வதும் ஒன்றில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கவரைப் பிரித்தோம். மாத்திரைக் குழு. ஒரு நாளைக்கு 2 வீதம், 4 வாரத்துக்கு 60 மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நல்லது, காபி டீயோடு சேர்க்கக் கூடாது, மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். ஒவ்வொரு விசிட்டுக்கும் போக்குவரத்துக்கும் இழந்த கூலிக்கும் சேர்த்து 300 ரூபாய். அதை நீட்டியபோது கை நீட்டி வாங்கியது மாமியார்.

முதல் நான்கு வாரம்

இரண்டாவது வாரம் போனில் கேட்டேன். போனை எடுத்தது மாமியார். "நல்லா இருக்கா, மாத்திரை ஒழுங்கா திங்கிறா" என்றார். பதிவேட்டில் அப்படியே எழுதினேன்.

ரத்தப்போக்கை அளக்க ஒரு படத்தாள் கொடுப்போம். நாப்கின் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று மூன்று படம் இருக்கும், அன்றன்றைக்கு எத்தனை மாற்றினோம் என்று கோடு போட வேண்டும். மதிப்பெண் 100-ஐத் தாண்டினால் ரத்தப்போக்கு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். இவர் வீட்டில் துணிதான். ஆய்வுக்காக நாப்கின் கொடுத்திருந்தோம். ஆனால் அதை எங்கே போடுவது? வீட்டுக்குப் பின்னால் எரித்தால் ஆண்கள் பார்ப்பார்கள், குப்பையில் போட்டால் நாய் இழுக்கும். அதனால் பகலில் துணி, தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் நாப்கின் என்று வைத்துக்கொண்டார். நாப்கினை மட்டும் கணக்கிட்ட அந்தத் தாளில் வந்த மதிப்பெண் 62. வந்தபோது கேட்டுக் கணக்கிட்டது 210. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று எழுதிக்கொண்டோம்.

கணக்கு இடித்த இடம்

நாலாவது வாரம் காலையில் வந்தார்கள். மாத்திரை டப்பாவில் மீதி 4. சரியாக 56 செலவாகியிருந்தது. ஒரு வேளை கூடத் தப்பவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு மதியம் வந்தது. ஹீமோகுளோபின் 8.1.

ரத்தப்போக்கு இவ்வளவு குறைந்து, மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் நாலு வாரத்தில் குறைந்தது ஒரு கிராமாவது ஏற வேண்டும். உடம்பு மாத்திரையை உறிஞ்சவில்லையா, வேறெங்காவது ரத்தம் போகிறதா என்று டாக்டர் யோசித்தார். வயிற்றுப் பக்கம் பார்க்க எண்டோஸ்கோப்பி எழுதலாமா என்பது வரை பேச்சுப் போனது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஆய்வுத் திட்டப்படி 18 முதல் 45 வயது வரை எல்லாப் பெண்களுக்கும் ஒவ்வொரு விசிட்டிலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை உண்டு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள், அதற்காக. லேப் பையன் நடைபாதையில் நின்றுகொண்டு, "யூரின் பிரெக்னன்ஸி டெஸ்ட் யாருக்கு?" என்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். மாமியார் திரும்பி மருமகளைப் பார்த்தார். புருஷன் திருப்பூரில், ஆபரேஷன் பண்ணி பதினோரு வருஷம், இப்போது எதற்கு இந்த டெஸ்ட்? அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற மருந்தால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த கொடுமைக்குப் பிறகு கருவைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் ஆய்வு உலகத்தில் ஆழமாக விழுந்தது. அமெரிக்காவில் 1977-இல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்து ஆய்வுகளிலிருந்து விலக்கச் சொன்னார்கள், 1993-இல்தான் அதை மாற்றினார்கள். பெண்களைச் சேர்க்காமல் விட்டதால் பெண்ணுடம்பில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் போன நஷ்டம் பெரிது. இப்போது சேர்க்கிறோம், அதற்கு விலையாக இந்த டெஸ்ட். நியாயம் இருக்கிறது. ஆனால் டெஸ்டை எழுதியவர்கள் எங்கள் ஓ.பி. நடைபாதையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தனியாகப் பேசியது

எண்டோஸ்கோப்பி எழுதுவதற்கு முன்னால் அவரிடம் ஒருமுறை தனியாகப் பேசிப் பார்க்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் ஒப்புக்கொண்டார். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொண்டேன், உண்மையிலேயே எடுத்தோம். மாமியார் வெளியே காத்திருந்தார்.

அதுவரை மூன்று முறை சந்தித்திருக்கிறோம், வீட்டுக்கு ஒரு முறை போன் செய்திருக்கிறேன், ஆனால் மாமியார் இல்லாமல் அவர் குரலைக் கேட்டது அதுதான் முதல்முறை. மாத்திரை சாப்பிட முடியுதாக்கா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அழுதார்.

முதல் வாரம் சாப்பிட்டிருக்கிறார். வயிறு எரிந்தது, மலச்சிக்கல், மூன்று நாளைக்கு ஒருமுறை போனாலும் ரத்தம் வந்தது. விடிகாலை நாலு மணிக்குத் தோட்டத்தில் நிற்கிறவர், ஒதுங்க இடமில்லை. நிறுத்திவிட்டார். தினமும் மாமியார் எண்ணிக் கொடுக்கும் இரண்டு மாத்திரையையும் வாயில் போடுவதுபோலப் போட்டு, எடுத்துக்கொண்டுபோய் மல்லிகைச் செடி வேரில் புதைத்திருக்கிறார். "செடிக்காவது ஆகட்டும்னுதான்" என்றார்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அன்றைக்கே எழுதி வைத்தேன்.

"சாமி குடுத்தது மாத்திரை. அதை மாத்திக் குடுங்கன்னு எப்பிடிக் கேக்க முடியும்? எனக்கு ஆகுறதைத்தானே குடுத்திருக்கும். திங்க முடியாதது என் உடம்புக் குத்தம்."

பூக்கட்டிப் பார்ப்பதற்கும் எங்கள் கவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோயிலில் பொட்டலத்தை எடுப்பது குழந்தையின் கை என்றாலும், பதில் சொல்வது சாமி. சிவப்பு வந்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. நாங்கள் பிரித்த கவருக்கு அர்த்தமே கிடையாது. எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாததால்தான் கவர் வைத்திருக்கிறோம். அவர் தன் மொழியில் ஓர் உவமையைக் கொண்டுவந்தார், நான் அதைச் சோதித்துப் பார்க்காமல் ஆமாம் என்றேன். அந்த ஒரு "ஆமா"வால் முதலில் வயிற்றெரிச்சலோடும் பிறகு குற்ற உணர்வோடும் நாலு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

சரி, இது என்னவென்று நினைத்துச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "பரிசோதனைன்னீங்க. ரத்தம், மூத்திரம் எடுத்துப் பாத்து, அதுக்குத் தக்கன மாத்திரை குடுப்பீங்கன்னு." அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நம் ஊரில் பரிசோதனை என்றால் அதுதான். டெஸ்ட், டிரையல் என்ற இரண்டு வெவ்வேறு காரியத்துக்கும் தாளில் ஒரே சொல்லைப் போட்டிருந்தோம். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை நிற்காது என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அது தாளின் ஆறாவது பக்கத்தில் இருந்தது. அவருக்கு நினைவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்று மாலையே தலைமை ஆய்வாளரிடம் முழுதும் சொன்னேன். இது விதிமீறல் என்று பதிந்து நெறிமுறைக் குழுவுக்கு எழுதினோம். கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, எந்தத் தணிக்கையிலும் தாள் தேறிவிடும். ஆனால் அந்தத் தாளுக்குப் பின்னால் சம்மதம் இருந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை.

மாமியாரிடம் எதைச் சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அந்த அம்மாவின் ஒத்துழைப்பு இல்லாமல் இவர் வர முடியாது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். எனக்கு உடன்பாடில்லை. 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடி மாணவிகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நாடாளுமன்ற நிலைக்குழுவரை போன விவகாரம். அங்கே சிறுமிகள், இங்கே 38 வயதுப் பெண். ஆனாலும் அவருடைய உடம்பைப் பற்றி அவருக்குப் பதில் இன்னொருவர் பேசுவதைத்தான் நாங்களும் நாலு வாரம் அனுமதித்திருந்தோம். அந்தப் பெண் சொல்லச் சொன்னதை மட்டும் மாமியாரிடம் சொல்வது என்று முடிவானது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு புண்ணாகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அதைத்தான் சொன்னோம். கர்ப்ப டெஸ்ட் எல்லாருக்கும் எடுக்கும் வழக்கம், இவருக்கென்று எடுத்ததில்லை என்பதை டாக்டரே மாமியாரிடம் விளக்கினார்.

அடுத்தது சிகிச்சை. மாத்திரை முடியாது, நரம்பு வழியாகப் போட வேண்டும், இதில் டாக்டருக்குச் சந்தேகமில்லை. இந்த இடத்தில்தான் ஆய்வுகளில் அடிக்கடி குழம்பிப்போகும் ஒரு விஷயம் வருகிறது. சிகிச்சையை மாற்றிக்கொள்வது வேறு, ஆய்விலிருந்து விலகுவது வேறு. மாத்திரையை நிறுத்தி நரம்பு வழி மருந்து வாங்கிக்கொண்டே, 12 வாரம் வரை ரத்தம் பார்க்க மட்டும் வந்து போகலாம். கணக்கில் அவர் மாத்திரைக் குழுவிலேயே இருப்பார். மாத்திரைக் குழுவில் எத்தனை பேரால் அதைச் சாப்பிடவே முடியவில்லை என்பதும் ஆய்வு தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைதான். முழுசாக விலகினாலும் சிகிச்சை அப்படியே கிடைக்கும்.

இரண்டையும் சொல்லி, உடனே பதில் வேண்டாம் என்றோம். இந்த முறை எங்களோடு சம்பந்தமில்லாத ஒரு பெண் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் பங்கேற்பவரையே தன் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, கணவரிடமும் பேசிவிட்டு, தன் சொந்த போனிலிருந்து அவரே கூப்பிட்டார். மருந்து ஏற்றிக்கொள்கிறேன், ரத்தம் பார்க்கவும் வருகிறேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "அத்தனை மாத்திரையும் தின்னேன்னு எழுதியிருக்கீகளே, அதை அழிச்சுடுங்க. அதைப் பாத்து மாத்திரை வேலைக்காகாதுன்னு எழுதிப்புடாதீக. வேற யாருக்காவது அது ஒத்துக்கிடும்ல."

ஆய்வின் உயிர்நாடியை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த 56 என்ற எண்ணை நம்பியிருந்தால், ஒழுங்காகச் சாப்பிட்டும் பயனில்லாத மாத்திரை என்று ஒரு பொய் எங்கள் முடிவில் ஏறியிருக்கும். எண்டோஸ்கோப்பிக்கும் அவரை அனுப்பியிருப்போம். பதிவேட்டில் பழைய எண்ணை அழிக்கவில்லை, அழிக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன். 14.

பின்பு நடந்தது

ஐந்தாவது வாரம் எடைக்கேற்ற அளவில் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஏற்றினோம், ஒரு வாரம் கழித்து மீதி. ஏற்றி முடித்து அரை மணி நேரம் கண்காணிப்பில் இருந்தார், ஒவ்வாமை ஒன்றும் இல்லை.

எட்டாவது வாரத்துக்கு முன்பே அவரிடமிருந்து போன் வந்தது. எலும்பெல்லாம் வலிக்கிறது, படி ஏற முடியவில்லை, முன்னைவிட அசதி என்றார். மறுநாளே வரச் சொல்லி ரத்தத்தில் ஃபாஸ்பேட் பார்த்தோம். குறைந்திருந்தது. இந்த மருந்துக்குப் பின் அப்படிக் குறைவது தெரிந்த பக்கவிளைவுதான், பெரும்பாலும் தானே சரியாகும். அவருக்கும் மூன்று வாரத்தில் சரியானது. பக்கவிளைவு என்று பதிந்தோம், செலவு எதுவும் அவர் தலையில் விழவில்லை. முதல் வாரம் வயிறு எரிந்தபோது வாய் திறக்காத அதே பெண், இப்போது வலி வந்த அன்றைக்கே கூப்பிட்டார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பன்னிரண்டாவது வாரம் ஹீமோகுளோபின் 11.4. பச்சரிசி ஆசை போய்விட்டது. மாதவிடாய் ஐந்து நாளாகக் குறைந்திருந்தது. நார்க்கட்டி அப்படியே இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. மாமியார் அன்று எனக்கு இரண்டு முழம் மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார்.

மாற்றியவை

நெறிமுறைக் குழுவில் துறை சாராத உறுப்பினராக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தத் தாளை ஒரு பூக்காரம்மாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் அச்சடிச்சீங்களா?" இல்லை என்று ஒப்புக்கொண்டோம். தாளைத் திருப்பி எழுதினோம். ஏழு பக்கம் மூன்றாகக் குறைந்தது. "பரிசோதனை" என்ற சொல்லை ரத்தம், சிறுநீர் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஆய்வுக்கு "ஆராய்ச்சி" என்றே போட்டோம், அந்தச் சொல் சிலரைப் பயமுறுத்தும் என்று தெரிந்தே. விலகும் உரிமை முதல் பக்கத்துக்கு வந்தது. "ரெண்டு வைத்தியம் இருக்கு, எது மேல்னு டாக்டருக்கே இன்னும் தெரியாது" என்பது முதல் வரி.

கவரை விளக்க இப்போது குலுக்கல் சீட்டைச் சொல்கிறேன். யார் பேர் வந்தாலும் அவருக்கு அது பொருத்தம் என்று அர்த்தமில்லை, வந்துவிட்டது அவ்வளவுதான். சொல்லி முடித்ததும், "உங்களுக்கு மாத்திரை விழுந்தா அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும்வரை கையெழுத்து வாங்குவதில்லை. கையெழுத்துக்கு முன்னால் ஒரு பத்தியை வாசித்துக் காட்டச் சொல்கிறேன். தடுமாறினால் சாட்சியை அழைக்கிறேன்.

ஒவ்வொரு விசிட்டிலும் பத்து நிமிடம் தனியாகப் பேசுவது கட்டாயம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கர்ப்ப டெஸ்ட் வேண்டாம் என்று திட்டத்தைத் திருத்தி அனுமதி வாங்கினோம். மற்றவர்களை எண் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். படத்தாளில் துணிக்கும் ஒரு வரிசை சேர்த்தோம், நாப்கினோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்பதால் அதைத் தனியாகக் கணக்கிடுகிறோம். பூச் சீசனில் பறிப்பு முடிந்து சந்தைக்கு அனுப்பிய பிறகு, பதினொரு மணிக்கு மேல்தான் அவர்களை வரச் சொல்கிறோம்.

இவருக்கு முன் சேர்ந்தவர்கள் எல்லாரிடமும் திரும்பத் தனியாகப் பேசினேன். கவர் என்பது டாக்டர் தேர்ந்தெடுத்த வைத்தியம் என்று நம்பியிருந்தவர் இவர் ஒருவர் மட்டுமில்லை. ஒருவர் முழுமையாக விலகினார். அவருக்கு வெளியே சிகிச்சை தொடர்கிறது.

தீராதவை

300 ரூபாயை இப்போது பங்கேற்பவர் கையில்தான் கொடுக்கிறோம். வாசலைத் தாண்டியதும் அது யார் கைக்குப் போகிறது என்பதில் எங்களால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. தனியாகப் பேச வேண்டும் என்றால் சில வீட்டில் சந்தேகம் வருகிறது, அதற்குப் பிறகு வராமலே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகலாமா, தேடிப் போவதே தொந்தரவாகுமா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். எண்ணிக்கையில் யாரும் தவறவில்லை என்றால் இப்போதெல்லாம் எனக்கு நிம்மதி வருவதில்லை.

கடைசி விசிட்டில் அவர் ஒன்று கேட்டார்: "எது நல்லதுன்னு எப்பத் தெரியும்? எங்களுக்குச் சொல்லுவீகளா?" எல்லாரும் முடிக்க இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும் என்றேன். முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கமாகக் கொடுப்பது எங்கள் திட்டத்தில் இல்லை, அவர் கேட்ட பிறகு சேர்த்திருக்கிறோம். தபாலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், போன் போடுங்கள், பறிப்பு முடிந்து நானே வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய சொந்த எண்ணைப் பட்டியலில் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.